‘வைப்பு’ வேண்டாம், ‘களவு’ம் பொருந்தாது

வணக்கம். நீங்கள் மொழிபெயர்க்கும் சிறுகதையில், மணம் முடிக்காமல் ஒரே வீட்டில் வாழும் ஜோடிக்கு ‘வைப்பு’ என்று போடலாமா, ‘களவு வாழ்க்கை’ பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம்.

‘வைப்பு’, ‘தொடுப்பு’ எல்லாம் வசைக்குப் பக்கத்தில் நிற்பவை. ‘அவளை வைத்திருக்கிறான்’ என்னும்போதே அவன் எழுவாய், அவள் செயப்படுபொருள். ஏதோ வீட்டுச் சாமான் மாதிரி. 2010-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றில் இதற்கு இணையான ‘கீப்’ என்ற சொல் வந்தபோது, அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே ஆட்சேபித்தார்.

‘களவு’ அழகான சொல்தான். ஆனால் சங்க அகப்பாடல்களில் அது ஊரறியாமல் சந்திக்கிற காதல். தலைவி தாய்வீட்டில்தான் இருப்பாள். உங்கள் ஜோடியோ வாடகையைப் பாதி பாதியாகப் பகிர்கிறது!

‘சேர்ந்து வாழ்தல்’ போதும். அதிலும் ஒரு சிக்கல்: கோபித்துப் பிரிந்த கணவன் மனைவி சமாதானமானாலும் ‘மறுபடி சேர்ந்து வாழ்கிறார்கள்’ என்றுதான் சொல்கிறோம். அதனால் முதல் தடவை ‘கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறார்கள்’ என்று முழுதாக எழுதுங்கள். அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

உரையாடலில் மட்டும் தமிழ்ப்படுத்த வேண்டாம். தோழியிடம் பேசும் இருபத்தைந்து வயதுப் பெண் ‘லிவிங் டுகெதர்ல இருக்கோம்’ என்றே சொல்லட்டும். வீடு பார்க்கப் போகும் இடத்தில், வீட்டுக்கார அம்மாவிடம் ‘கல்யாணம் ஆயிடுச்சு ஆன்ட்டி’ என்பாள், அது வேறு விஷயம்.