டாக்டர் படிப்பை விட்டுவிட்டு இது எதற்கு? தலவாக்கலைத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா, உங்கள் மகள் மருத்துவத்தை விட்டுப் பரம்பரையலகு ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தத் துறை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மிடம் பெரும்பாலான பரம்பரையலகுகள் (ஜீன்கள்) இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று தாய்வழி, மற்றது தந்தைவழி. பரம்பரையலகை இயக்கும் புரதம் டிஎன்ஏயில் ஒட்டவேண்டிய இடத்தில் ஓர் எழுத்து, அதாவது டிஎன்ஏயின் ஓர் இரசாயன அலகு, மாறியிருந்தால், ஒரு பிரதியில் இறுக ஒட்டும், மற்றதில் ஒட்டாமலே போகலாம். எதில் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பதுதான் அந்தப் படிப்பு.

வீண் ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். செங்குருதிக் கலத்தின் மேலுள்ள டஃபி என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் விவாக்ஸ் என்ற வகை மலேரியாக் கிருமி பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. மேற்கு ஆபிரிக்கர் பெரும்பாலோரிடம் அந்தப் பரம்பரையலகின் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அந்தப் பரம்பரையலகை இயக்கும் காட்டா-1 என்ற புரதம் அங்கே ஒட்டுவதில்லை. செங்குருதிக் கலத்தில் டஃபி உருவாவதுமில்லை, கிருமி நுழைவதும் கடினமாகிறது. மாறிய பிரதி ஒன்று மட்டும் இருப்பவரிடம் டஃபி ஏறக்குறைய பாதியளவு இருக்கும். காட்டா-1 ஒட்டாததுதான் காரணம் என்ற கண்டுபிடிப்பு 1995இல் வெளியானது.

வேலை விடயத்தில் மறைக்க ஒன்றுமில்லை. இலங்கையில் இதற்கென்றே வேலை மிகக் குறைவு. விரிவுரையாளர் பதவி, பரிசோதனை ஆய்வுகூடங்கள், உங்கள் ஊர்த் தேயிலை ஆராய்ச்சி நிலையம் போன்றவைதான் வாசல்கள். மேற்படிப்புக்கு வெளிநாடு போகவேண்டி வரலாம். ஆனால் முனைவர் பட்டத்துக்குப் பல நாடுகள் உதவித்தொகை கொடுக்கின்றன. வெளிநாட்டுப் படிப்பு முகவர் பேச்சைக் கேட்டு நகையை அடகு வைக்காதீர்கள்.

உயர்தரத்தில் உயிரியல் பிரிவை அவள் விடக்கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கும், 55 வீதம் மாவட்டத் தகுதிக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. உங்கள் நுவரெலியா மாவட்டம் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளது. இசட் புள்ளி (அனுமதிக்காக உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் புள்ளி) மருத்துவத்துக்கு எட்டி, அவளும் விரும்பினால் போகட்டும். டாக்டர்களும் இந்த ஆராய்ச்சி செய்கிறார்கள். ஊரார் என்ன சொல்வார்களோ என்பதற்காக மட்டும் மருத்துவத்தை முதல் தெரிவாக எழுத வைக்காதீர்கள். பேராதனையில் விஞ்ஞான பீடத்திலேயே மூலக்கூற்று உயிரியல் படிக்கலாம்.

எனக்குள்ள ஒரே கவலை கணிதம். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சாதாரண தரத்தோடு அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். இந்தத் துறையிலோ பாதி வேலை கணினியில்தான். புரதத்தோடு ஒட்டிவந்த டிஎன்ஏ துண்டுகளில் தாயின் எழுத்து எத்தனை, தந்தையின் எழுத்து எத்தனை என்று எண்ணி, அந்த வித்தியாசம் தற்செயலா என்று புள்ளிவிபரவியலால் சோதிக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் வீட்டில் இருப்பாள் அல்லவா? அப்போது புள்ளிவிபரவியலும் பைதான் என்ற கணினி மொழியும் படிக்கட்டும். இணையத்தில் இரண்டும் இலவசம். விரிவுரைகள் ஆங்கிலத்தில் என்பதால், ஆங்கில வகுப்புக்கு மட்டும் இப்போதே அனுப்புங்கள்.