போர்ட் செய்யலாம் என்பதை நம்பி ஐந்தாண்டு வட்டியில் கையெழுத்திடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,

லண்டனுக்கு வந்த இரண்டே ஆண்டுகளில் சொந்த ஃபிளாட் வாங்கப் போகிறீர்கள் என்பதில் மிக்க மகிழ்ச்சி. ஐந்தாண்டுக்கு மாறாத ஃபிக்ஸட் வட்டியில் கடன் எடுக்கச் சொல்லும் புரோக்கர், இடையில் வீடு மாறினாலும் கடனைப் போர்ட் செய்துகொள்ளலாம், அதாவது புதிய வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம் என்கிறார். குழந்தை பிறந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரிய வீடு தேவைப்படும், அவர் சொல்வதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார்.

போர்ட் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கைபேசி எண். நிறுவனம் மாறினாலும் எண் அப்படியே கூடவே வரும். அடமானக் கடனில் அப்படிக் கூட வருவது கடன் அன்று. பழைய வீட்டை விற்கும் நாளில் பழைய கடன் முழுவதும் அடைக்கப்பட்டு, புதிய வீட்டின் பேரில் அதே வங்கியில் வேறொரு கடன் எழுதப்படுகிறது. பழைய வட்டி விகிதமும் அதன் எஞ்சிய காலமும் மட்டுமே உங்களோடு வருகின்றன. ஆகவே சம்பளச் சீட்டு, மாதச் செலவு, கடன் வரலாறு, புதிய வீட்டின் மதிப்பீடு என எல்லாவற்றையும் வங்கி முதலிலிருந்து பார்க்கும். அதன் அன்றைய விதிகளுக்கு நீங்களோ வாங்கப்போகும் வீடோ பொருந்தாவிட்டால், போர்ட் வசதி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும் மறுத்துவிடலாம்.

மறுத்துவிட்டால், ஐந்தாண்டு முடியும் முன்பே பழைய கடனை அடைப்பதற்கான கட்டணம் காத்திருக்கிறது. மாறும் வட்டியில் வீட்டுக்கடன் எடுத்த தனிநபர்களிடம் இப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று நம் ரிசர்வ் வங்கி 2012இலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டுவிட்டதால், ஊரிலிருந்து வருபவர்கள் பலர் இதை எதிர்பார்ப்பதே இல்லை. இங்கே ஐந்தாண்டு ஒப்பந்தங்களில் பரவலாகக் காணும் முறை, முதல் ஆண்டில் மீதிக் கடனில் 5 விழுக்காடு, அடுத்த ஆண்டு 4, பிறகு 3 என்று இறங்கிக்கொண்டே வருவது.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2021 அக்டோபரில், இந்நாட்டு மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.1 விழுக்காடாக இருந்தபோது, 1.6 விழுக்காட்டில் ஐந்தாண்டுக்குக் கடன் எடுத்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து மகள் பிறந்து வீடு மாற முயன்றபோது அடிப்படை வட்டி 5.25 ஆகிவிட்டது, பழைய வட்டியைக் கைவிட மனம் வரவில்லை. மனைவி மகப்பேறு விடுப்பில் இருந்தார், வாரம் மூன்று நாள் மட்டும் வேலைக்குத் திரும்புவதாக இருந்தார். வங்கி அந்த மூன்று நாள் சம்பளத்தை மட்டும் வரவாக எடுத்துக்கொண்டு, குழந்தைகள் காப்பகக் கட்டணத்தைச் செலவில் சேர்த்தது. அதே வங்கிக்கு ஒரு மாதம்கூடத் தவறாமல் தவணை கட்டியவர்கள் நாங்கள் என்பது உதவவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது 2,75,000 பவுண்டு. அவர்கள் ஒப்புக்கொண்டது 2,48,000. பிடித்திருந்த வீட்டை விட்டுவிட்டு, ரயில் நிலையத்திலிருந்து தள்ளியிருந்த சிறிய வீட்டுக்குப் போனோம். வீடு மாறுவதற்குக் காரணமான குழந்தையே கடன் தகுதியையும் குறைக்கும் என்பதை நான் முன்பே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் இப்போதே நினைத்துப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. எங்கள் ஃபிளாட்டை வாங்கியவர்களால் காத்திருக்க முடியவில்லை. எங்களுக்கு விற்பவர்களோ அடுத்த வீடு அமையாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடக்காவிட்டால், கட்டணத்தை முதலில் கட்டிவிட்டு, வங்கி குறித்த கெடுவுக்குள் புதிய வீட்டை வாங்கியபின் திரும்பப் பெற வேண்டும். எங்கள் கெடு 90 நாள். எங்கள் வழக்கறிஞரான சொலிசிட்டர் அனுப்பிய கணக்குத் தாளில், மீதிக் கடன் 2,08,000 என்பதற்குக் கீழே, முன்கூட்டியே அடைக்கும் கட்டணம் 6,240 பவுண்டு என்று தனியாக எழுதியிருந்தது. புதிய வீட்டுக்கென்று வைத்திருந்த பணத்தில் அது அப்படியே ஓட்டையாகி, நண்பரிடம் கடன் வாங்கி அடைத்தோம். 64ஆம் நாள் சாவி கிடைத்தது. அதன்பின் மூன்று வாரத்தில் பணம் திரும்பி வந்தது. அந்த வாரங்களில் தூக்கம் இல்லை.

இன்னொன்று, கூடுதலாக எடுக்கும் தொகைக்குப் பழைய வட்டி கிடைக்காது. 40,000 பவுண்டை அன்றைய வட்டியில், ஐந்து விழுக்காட்டுக்கு மேல், தனிப் பகுதியாக வாங்கினோம். அவசரத்தில் அதையும் ஐந்தாண்டுக்கு எடுத்தது என் தவறு. பழைய பகுதி 2026இல் முடிகிறது, புதியது 2028இல். முதலாவது முடியும்போது முழுக் கடனையும் வேறு வங்கிக்கு மாற்றினால், இரண்டாவதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டு பகுதிகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடியும்படி கேட்டு வாங்குங்கள். மாறாக, சிறிய கடனோடு போனால் குறைத்துக்கொண்ட தொகைக்கு மட்டும் கட்டணம் கேட்கலாம்.

உங்களுக்கு விசாவும் ஒரு கேள்வி. எவ்வளவு காலம் இங்கே இருந்திருக்க வேண்டும், விசாவில் எவ்வளவு மீதமிருக்க வேண்டும், எவ்வளவு முன்பணம் வேண்டும் என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி வேறுபடும்; போர்ட் செய்யும்போதும் அவற்றை மீண்டும் பார்ப்பார்கள். விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும் மாதங்களில் வீடு மாறத் திட்டமிடாதீர்கள்.

கையெழுத்திடும் முன் கடன் விளக்க ஆவணத்தில், முன்கூட்டியே அடைப்பது பற்றிய பகுதியையும் வேறு வீட்டுக்கு மாற்றுவது பற்றிய பகுதியையும் நீங்களே படியுங்கள். கெடு எத்தனை நாள் என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஆண்டுக்கு மீதிக் கடனில் 10 விழுக்காடு வரை கட்டணமின்றிக் கூடுதலாகச் செலுத்தப் பல வங்கிகள் அனுமதிக்கின்றன. உங்களுடையதில் உண்டா என்றும் பாருங்கள்.

மூன்று ஆண்டுக்குள் மாறுவது ஏறக்குறைய உறுதி என்றால், என் கருத்து இரண்டாண்டு ஒப்பந்தம்தான், வட்டி சற்றுக் கூடுதலாக இருந்தாலும். அந்தக் கூடுதல் வட்டி இரண்டு ஆண்டில் எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்த்து, மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு தொகைகளையும் எழுதி அனுப்பினால், நானும் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.