சென்னை ஃபிளாட்டில் ஹோயா, ஆர்க்கிட் எல்லாம் வளருமா?

தாராளமாக வளரும். எல்லாரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். என் வீட்டில் செடிகளைக் கொன்றது தண்ணீர்.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. முதலில் வாங்கியது பூத்திருந்த ஒரு ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். ரோஜாவுக்கு ஊற்றுவதுபோல தினமும் ஊற்றினேன். இரண்டே மாதத்தில் வேர் அழுகிப் போய்ச் சேர்ந்தது. மரத்தில் தொற்றி வாழ்கிற செடி அது, வேருக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. மறுபடி பூக்க வேண்டுமென்றால் அதற்குச் சில வாரங்களாவது இரவுக் குளிர் வேண்டும். மார்கழியை விட்டால் நமக்கு ஏது குளிர்?

இப்போது இருப்பதெல்லாம் டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்தான். நம் வெக்கையைத் தாங்கும். தொட்டியில் மண்ணே கிடையாது. அடுப்புக்கரி, உடைந்த ஓட்டுத்துண்டு, கொஞ்சம் தேங்காய் மட்டை. வேர் வெள்ளியாய் வெளுத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் கைவைக்கவே கூடாது.

எங்கள் போர் தண்ணீரில் தொட்டி விளிம்பெல்லாம் உப்பு பூத்து, வேர் நுனி கருகியது. இப்போது ஏசி குழாயில் சொட்டுவதைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறேன். அதில் உப்பும் இல்லை, சத்தும் இல்லை. அதனால் வாரம் ஒருமுறை உரத்தை ரொம்பவும் நீர்க்கக் கரைத்து விடுவேன்.

ஹோயா ஒரு கொடி, நம் எருக்கஞ்செடிக்குச் சொந்தம். கிள்ளினால் பால் வரும், பூவிலும் அதே சாயல். தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், ஆகவே மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். என்னிடம் இருக்கும் கார்னோசா என்ற ஹோயா வகை பூக்க மூன்று வருடம் ஆனது. ராத்திரியில் ஹால் முழுக்க வாசம்! பூ உதிர்ந்ததும் அம்மா, "காய்ஞ்ச குச்சி எதுக்குடா?" என்று காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டார். அந்தப் பழைய காம்பிலேதான் அது திரும்பத் திரும்பப் பூக்கும். அம்மாவிடம் சொன்னேன், "முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே" என்றார். நியாயம்தான்.

அப்புறம், காதலர் தினத்துக்கு இதய வடிவில் ஒற்றை இலையை நட்டு விற்கிறார்களே, அதுவும் ஒரு ஹோயாதான். கணு இல்லாத வெறும் இலையாக இருந்தால் வேர் விடும், கொடி வராது. நண்பன் வீட்டு மேஜையில் ஒன்று நான்கு வருடமாக அதே ஒற்றை இலையோடு உட்கார்ந்திருக்கிறது.