பத்து ரூபாய்க் கடைக்குப் போகும் முன் பசையை யோசியுங்கள்

கைவேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவராத்திரிக்கு வரும் 25 பேருக்குத் தாம்பூலத்துடன் கொடுக்க, கையால் செய்த பொருளாக ஏதாவது வேண்டும். ஒன்றுக்கு 30 ரூபாய்க்கு மேல் செலவிட இயலாது. எங்கள் ஊரில் இருப்பது ‘எது எடுத்தாலும் பத்து ரூபாய்’ கடை ஒன்றுதான். அங்கே என்ன வாங்கலாம்? (மயிலாடுதுறை வாசகி)

சிறிய எவர்சில்வர் டப்பாவை வாங்குங்கள். அந்தக் கடைகளில் பளபளப்பான பிளாஸ்டிக் கூடைகள்தான் முதலில் கண்ணில் படும். ஆனால் வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் பசை பிடிப்பது கடினம். நவராத்திரி முடிவதற்குள் லேஸ் தனியாகவும் கூடை தனியாகவும் வந்துவிடும். டப்பாவென்றால், அலங்காரம் போன பிறகும் யாரேனும் குங்குமமோ ஏலக்காயோ போட்டு வைத்துக்கொள்வார்கள்.

25 டப்பாக்களுக்கு 250 ரூபாய் ஆகும். மூடியின் மேல் ஒட்டுவதற்கு வீட்டில் கிடக்கும் ரவிக்கைத் துணியின் வெட்டுத்துண்டுகளே போதும். டப்பாவின் குறுக்களவு 5 செ.மீ. என்றால் சுற்றளவு ஏறத்தாழ 16 செ.மீ. வரும், ஆகவே 25 டப்பாக்களுக்கும் ஒரு சுற்று லேஸ் ஒட்ட 4 மீட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். ஜரிகை லேஸ் பெரும்பாலும் 9 மீட்டர் உருளையாக விற்கப்படுவதால், ஒரே உருளையில் இரண்டு சுற்று தாராளமாக வந்துவிடும். மீதமுள்ள பணத்தில் நல்ல பசை வாங்குங்கள். டப்பாவைப் பத்து ரூபாய்க் கடையில் வாங்கலாம், பசையை அங்கே வாங்கக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து. அங்கே கிடைக்கும் பசை பல நேரங்களில் தண்ணீராக இருக்கும். அது துணியில் ஊறி, மேல்பக்கம் கறையாகத் தெரியும்.

டப்பாக்களைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். புதுப் பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும். துணியை மூடியின் மேல்தட்டின் அளவுக்கு மட்டும் வட்டமாக வெட்டுங்கள். விளிம்பைத் தாண்டி மடித்து ஒட்டினால் மூடி இறுகிக்கொண்டு திறக்க வராது. லேஸையும் மூடி அமரும் இடத்துக்குக் கீழேயே ஒட்டுங்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையைத் தூரிகையால் மெல்லிதாகத் தடவி ஒட்டிவிட்டு, ஓர் இரவு முழுவதும் தொடாமல் வைத்திருங்கள்.

ஓ.எச்.பி. ஷீட்டில் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) குந்தன் கல் கோலம் செய்தேன். ஃபெவிகால் போட்டுத்தான் ஒட்டினேன்; நான்கே நாட்களில் கற்கள் உதிர்ந்துவிட்டன. கல் மட்டமா, பசை மட்டமா? (கும்பகோணம் வாசகி)

இரண்டுமே மட்டமில்லை, சேர்த்த விதம்தான் தவறு. வெள்ளைப் பசையில் உள்ள நீர் வெளியேறினால்தான் அது இறுகும். துணி, காகிதம், மரம் போன்றவை நீரை உறிஞ்சி வெளியே விடும். ஷீட்டும் பிளாஸ்டிக், கல்லின் அடிப்பக்கமும் வழுவழுப்பு என்றால் நீர் போக வழியில்லை. மேல்பக்கம் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே பால் போலவே இருந்து, பிறகு தோலாக உரிந்துவிடும்.

டியூபில் வரும், சற்று வாடை அடிக்கும் துணிப் பசையைப் பயன்படுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். ஃபெவிகுவிக் வேண்டாம், அதிலிருந்து எழும் ஆவி கல்லைச் சுற்றி வெள்ளையாகப் படிந்து பளபளப்பைக் கெடுத்துவிடும். பசையை உருக்கித் தரும் க்ளூ கன் வைத்தால் மெல்லிய ஷீட் சூட்டில் நெளியும். செய்து முடித்த கோலத்தைச் சுருட்டி வைக்காமல், தட்டையாக அட்டைக்கு நடுவே வையுங்கள். அதன் அருகில் விளக்கு ஏற்றுபவர்கள் ஒரு முழமாவது தள்ளி ஏற்றுவது நல்லது.

பட்டு நூல் வளையல் செய்து தோழிக்குக் கொடுத்தேன். அவர் சொன்ன 2-6 அளவில்தான் பிளாஸ்டிக் வளையல் வாங்கினேன். ஆனாலும் கையில் ஏறவில்லை. நூலும் பிசிறு பிசிறாக நிற்கிறது. (ஈரோடு வாசகி)

2-6 என்பது உட்புறக் குறுக்களவு 2 அங்குலமும் அதன் மேல் பதினாறில் 6 பங்கும், அதாவது சுமார் 60 மில்லிமீட்டர். 2-4 என்றால் சுமார் 57, 2-8 என்றால் 63.5 மில்லிமீட்டர். ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். நீங்கள் சுற்றிய நூல் உட்புறத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் ஏறினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். எனவே அணிபவரின் அளவைவிட ஓர் அளவு பெரிய வளையலை வாங்குவதே முறை.

பட்டு நூல் என்ற பெயரில் மலிவாக விற்கப்படுவது பெரும்பாலும் ரேயான்தான். அது சொரசொரப்பான விரலிலும் நகத்திலும் எளிதில் மாட்டிக்கொள்ளும். நகத்தைத் தேய்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கைப்பழக்கம் 30 இழைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றுவது. அதற்கு மேல் சேர்த்தால் முறுக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகளை விரலால் நீவி நாடாவைப் போலத் தட்டையாக்குங்கள். பசையை வளையலின் உட்புறத்தில் மட்டும் தடவுங்கள். வெளிப்புறத்தில் பட்டால் அந்த இடம் கறுத்துத் தெரியும்.

தெர்மாகோலில் கோபுரம் செய்யப்போகிறேன். உறுதியாக ஒட்ட எந்தப் பசை? (திருநெல்வேலி வாசகர்)

வெள்ளைப் பசையும் பொறுமையும். தோல், ரெக்சின் ஒட்டும் மஞ்சள் பசை உறுதியானதுதான் என்று நம்பி ஒருமுறை நானே தெர்மாகோலில் தடவினேன். கொலுவுக்கு முதல் நாள் இரவு, கோபுரத்தின் இரண்டாம் நிலை என் கண் முன்னே குழிந்து உருகிப்போனது. அதில் உள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஸ்ப்ரே பெயிண்டும் அப்படித்தான். வண்ணம் பூச அக்ரிலிக் பெயிண்ட் போதும். காயும்வரை பாகங்களைக் குண்டூசியால் பிணைத்து வையுங்கள்.

நான் செய்யும் வளையல்களைத் தெரிந்தவர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். பொருள் செலவு 40 ரூபாய். 60 ரூபாய் சொல்லலாமா? (சேலம் வாசகி)

ஒரு ஜோடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒன்றரை மணி நேரம் என்றால் 20 ரூபாய்க்கு அந்த நேரத்தை விற்கிறீர்கள். அடுத்த ஜோடியைத் தொடங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பசைக்கும், வீணான நூலுக்கும், பேருந்துக் கட்டணத்துக்கும் ஒரு பங்கு சேர்த்த பிறகு விலையைச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் முதலில் சற்று முகம் சுளிப்பார்கள்.