80 பேனா பெட்டியா, 30 பேனா பெட்டியா? ஆல்கஹால் மார்க்கர் வாங்கப் போகிறவர்களுக்கு

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். உயர்தரத்துக்குச் சித்திரமும் ஒரு பாடம். இவ்வளவு நாளும் பிளாட்டினம் என்று நாம் சொல்லும் தண்ணீர் மைக் கலர் பேனாவிலும் கலர் பென்சிலிலும்தான் வரைந்தேன். ஆல்கஹால் மார்க்கர் வாங்க 7,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். இணையத்தில் 80 பேனா உள்ள பெட்டி 6,800 ரூபாய், 30 பேனா உள்ளது 3,300 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் பெரிய பெட்டிதான் லாபம் போலத் தெரிகிறது. கூடப் படிக்கும் ஒருவரோ, கோபிக் என்ற விலை கூடிய மார்க்கரை வாங்க முடியாவிட்டால் எதுவுமே வாங்காதே என்கிறார். எதை வாங்கலாம் அக்கா?

பதில்: 30 பேனாப் பெட்டியை வாங்குங்கள் தங்கச்சி. மிச்சக் காசில் முதலில் நல்ல தாள் வாங்குங்கள்.

உங்கள் கணக்கில் பிழை இல்லை. பெரிய பெட்டியில் ஒரு பேனா 85 ரூபாய், சின்னதில் 110 ரூபாய். ஆனால் நீங்கள் தொடாத பேனாவுக்கும் அந்த 85 ரூபாயைக் கொடுக்கிறீர்கள். நான் முதலில் வாங்கியது பெரிய பெட்டிதான். கண்ணைக் கூசும் ரோஸ், ஊதா, பளிச்சென்ற மஞ்சள் எல்லாம் இன்றைக்கும் நிறைய மையோடு அப்படியே கிடக்கின்றன. சாம்பலும் பழுப்பும் கரும்பச்சையும் முதல் சில மாதங்களிலேயே தீர்ந்து போயின. மலிவு வகைகள் பெரும்பாலும் பெட்டியாகத்தான் விற்பனைக்கு வரும் என்பதால், தீர்ந்த மூன்று பேனாவுக்காக இன்னொரு பெட்டி வாங்க வேண்டி வந்தது. அந்தக் காசு எனக்கு அப்போது பெரிய காசு.

இந்தப் பேனா எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தெரிவு செய்வது சுலபம். பிளாட்டினம் பேனாவின் மை தண்ணீரில் கரைத்தது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று தடவை தேய்த்தால் தாள் ஊறி நார் நாராகக் கிளம்பும், கோடு கோடாகவும் தெரியும். ஆல்கஹால் மார்க்கரில் சாயம் ஆல்கஹாலில் கரைந்திருக்கிறது. அது சில நொடியில் ஆவியாகிவிடும், தாளையும் கிழிக்காது. மேலே இன்னொரு கோடு இழுத்தால் புதிதாக வரும் ஆல்கஹால் கீழே காய்ந்த சாயத்தை மறுபடி கரைத்துவிடும். அதனால்தான் இரண்டு நிறம் எல்லை தெரியாமல் ஒன்றில் ஒன்று கலக்கிறது. விலை கூடிய பேனாவிலும் குறைந்த பேனாவிலும் நடப்பது இதேதான். வித்தியாசமெல்லாம் முனையிலும், மை சீராக இறங்குவதிலும், தீர்ந்தால் மறுபடி நிரப்ப முடிகிறதா என்பதிலும் இருக்கிறது.

கோபிக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜப்பானின் டூ நிறுவனம் 1987இல் கொண்டு வந்த பேனா அது. ஸ்கெட்ச் வகையில் 358 நிறம், அதைவிட விலை குறைந்த சியாவோ வகையில் 180 நிறம். மை நிரப்பலாம், முனை தேய்ந்தால் முனையை மட்டும் மாற்றலாம். தினமும் வரைந்து, வருஷக்கணக்கில் அதே பேனாவுக்கு மை நிரப்புகிறவருக்கு அந்த விலை கட்டும். ஒரு கோபிக் வாங்கும் காசுக்கு மலிவு வகையில் பல பேனா கிடைக்கும்போது, முதல் நூறு படம் பழக நீங்கள் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. பழகிய பிறகு, அதிகம் தீர்கிற இரண்டு மூன்று நிறத்தை மட்டும் சியாவோவில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கலாம். வேறு வேறு கம்பனிப் பேனாக்கள் ஒரே படத்தில் நன்றாகவே கலக்கும்.

மலிவு வகையில் டச்ஃபைவ், டெலி, ஓஹுஹு என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். டச்ஃபைவையும் கொரியாவின் ஷின்ஹான் கம்பனியின் டச் ட்வினையும் ஒன்றாக எண்ணி விலை கொடுக்காதீர்கள், இரண்டும் வேறு. எந்தப் பெயராக இருந்தாலும் பெட்டியில் முனையின் வகையைப் பாருங்கள். இந்தப் பேனாக்களுக்கு இரண்டு பக்கமும் முனை உண்டு. ஒரு பக்கம் உளி போன்ற அகல முனை, அது பெரும்பாலானவற்றில் ஒன்றுபோலத்தான். மறுபக்கம்தான் முக்கியம். சிலதில் கடினமான மெல்லிய முனை, சிலதில் வளைந்து கொடுக்கும் பிரஷ் முனை. ஓஹுஹு இரண்டு வகையையும் விற்கிறது. ஓஆஹு என்ற பெயரில் வருவது மெல்லிய முனை, ஹொனலுலு என்ற பெயரில் வருவது பிரஷ். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பிரஷ் முனையையே எடுங்கள். கொழுந்து இலையின் கூர் நுனியை ஒரே இழுப்பில் போட அதுதான் கை கொடுக்கும். கடினமான முனை கோடு போடும், கலக்க உதவாது.

நிறத்துக்கு வருவோம். 30 பேனாவில் இருக்க வேண்டியவை: மெல்லியது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்று சாம்பல். மஞ்சள் கலந்த பச்சை, நடுப்பச்சை, கரும்பச்சை. வெளிறிய நீலம் ஒன்று, மண் சிவப்பு ஒன்று, பழுப்பில் குறைந்தது நான்கு. நிறங்களைக் கலக்க உதவும், நிறமில்லாத பிளெண்டர் பேனா ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. நமது மலையில் காலையில் எழும் பனிமூட்டத்தை வரைய ஒரு வெள்ளைப் பேனாவும் உதவாது. மலையின் அடியை மெல்லிய சாம்பலில் தொட்டு, காயும் முன்னே பிளெண்டரால் கீழே இழுத்து, தாளின் வெள்ளையிலேயே கரைய விட வேண்டும்.

பழுப்பைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் நிறப் பெட்டி என்று தனியாக விற்பவற்றில் பல, ரோஸ் கலந்த வெளிறிய நிறங்களால் நிரம்பியவை. அதை வைத்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் உங்கள் அம்மாவின் முகத்தை எப்படி வரைவீர்கள்? மெல்லிய பழுப்பை அடியில் பூசி, மேலே நடுப்பழுப்பு, கன்னத்திலும் மூக்கிலும் செம்பழுப்பு, நிழலுக்கு நீலச் சாம்பலோ மங்கிய ஊதாவோ என்று அடுக்கினால் நமது தோலின் ஆழம் வரும். அதற்கு வேண்டிய பழுப்புகள் பெட்டியில் உண்டா என்று நிற அட்டவணையைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். மூடியின் நிறத்தை நம்ப வேண்டாம், மை அதிலிருந்து வெகுவாக மாறும். வாங்கிய அன்றே ஒரு தாளில் எல்லாப் பேனாவையும் தொட்டு, இலக்கம் எழுதி, அட்டவணை செய்துகொள்ளுங்கள்.

இனித் தாள். சீஆர் கொப்பியில் இந்தப் பேனாவை வைத்தால் மை மூன்று நான்கு பக்கம் ஊடுருவும். 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 தாள் கை பழகப் போதும், ஆனால் மையை ஏராளமாகக் குடிக்கும், ஓரமும் பரவும். நீர்வண்ணத் தாள் சொரசொரப்பானது, மையையும் தின்று பிரஷ் முனையையும் பிய்த்துவிடும். தேவையானது வழுவழுப்பான, மினுக்கம் இல்லாத, 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட வெள்ளை அட்டை. புத்தகக் கடையில் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் கேளுங்கள், ஒரு தாள் வாங்கிச் சோதித்துப் பிடித்தால் இன்னும் வாங்கலாம். அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. டவுனில் கல்யாணக் கார்ட் அடிக்கும் அச்சகத்தில் வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். மினுங்கும் அட்டை வேண்டாம், மை உறிஞ்சாமல் மேலேயே பிசுபிசுத்து நிற்கும். எந்த அட்டையானாலும் அடியில் ஒரு கழிவுத் தாள் வையுங்கள்.

கோடு போடும் பேனாவையும் யோசியுங்கள். ஒருமுறை அம்மாயியின் முகத்தைப் பால்பொயின்ட் பேனாவில் இரண்டு மணிநேரம் வரைந்துவிட்டு மேலே மார்க்கரை வைத்தேன். கோடெல்லாம் ஊதாவாகக் கலங்கி முகம் முழுக்க ஓடியது. பால்பொயின்ட் மையும் பர்மனென்ட் மார்க்கர் மையும் ஆல்கஹாலில் கரையும். சகுரா மைக்ரோன் போன்ற, ஆல்கஹாலில் கரையாத பிக்மென்ட் மைப் பேனா ஒன்று வாங்கி, நன்றாகக் காயவிட்டு அதன் மேல் பூசுங்கள். கண்ணின் ஒளிப்புள்ளிக்கும் பனித்துளிக்கும் ஒரு வெள்ளை ஜெல் பேனா போதும். உங்கள் கலர் பென்சில்களைத் தூக்கிப் போடாதீர்கள், மார்க்கர் காய்ந்த பிறகு மேலே பென்சிலால் நுணுக்கம் சேர்ப்பது மிக அழகாக வரும்.

அப்புறம், கூரியர்காரர் தோட்டத்து லயம் வரை வருவார் என்று எண்ணி ஓடர் போடாதீர்கள். வீட்டுக்குத் தனி விலாசம் இல்லாததால் பார்சல் திரும்பிப் போன கதை நம் பக்கம் நிறைய. டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்து, உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் போடுங்கள்.

கேள்வி: கொழும்பில் வாங்கி நுவரெலியாவுக்குக் கொண்டு வந்த பேனாவைத் திறந்ததும் மை சொட்டியது. பழுதான சாமானா?

பதில்: பெரும்பாலும் பழுதல்ல. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் மூடிய பேனாவுக்குள் இருக்கும் காற்று, இங்கே வெளி அழுத்தம் குறைந்ததும் விரிந்து மையை முனைப் பக்கம் தள்ளும். சிப்ஸ் பைக்கட் மேலே வரவர உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். வந்ததும் ஒரு நாள் படுக்கையாக வைத்துவிட்டு, பழைய துணி ஒன்றைப் பிடித்தபடி ஒவ்வொரு பக்க மூடியாக மெதுவாகத் திறந்து மூடுங்கள். அதன் பிறகும் ஒரு பேனா தொடர்ந்து கசிந்தால் அதை மாற்றிக் கேட்கலாம்.

கேள்வி: பண்டாரவளையில் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது, இந்தப் பேனாதான் வேண்டும் என்று நிற்கிறாள். மணம் கடுமையாக இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், பக்கத்தில் பெரியவர் இருந்தால். மணம் வருவது ஆல்கஹால் ஆவியால். குளிருக்குக் கதவு ஜன்னல் எல்லாம் அடைத்த சின்ன அறையில் ஒரு மணிநேரம் பூசினால் தலைவலி வரும், அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இடையில் எழுப்பி வெளியே அனுப்புங்கள். அதைவிட முக்கியம் நெருப்பு. இந்த ஆவியும் மையும் தீப்பற்றக்கூடியவை. விறகடுப்பு எரியும் இடத்திலும், குப்பி விளக்கு, மெழுகுதிரி வெளிச்சத்திலும் இந்தப் பேனாவோடு உட்கார விடவே வேண்டாம். கரண்ட் போனால் பேனாவை மூடி வைத்துவிடச் சொல்லுங்கள். உடுப்பில் பட்டால் இலேசில் போகாது, பள்ளிச் சீருடையோடு வரைய வேண்டாம். இன்னும் சின்னவர்கள் வீட்டில் இருந்தால் தண்ணீர் மைப் பேனாவே போதும்.

கேள்வி: ஆசையாக வரைந்த படத்தை ஜன்னலுக்கு எதிரே மாட்டினேன். சில மாதத்தில் வெளிறிவிட்டது. விலை கூடிய பேனா என்றால் இப்படி ஆகாதா?

பதில்: ஆகும். இந்த வகைப் பேனாக்களில் இருப்பது சாயம், வெளிச்சம் பட்டால் மங்கும். கோபிக்கும் அப்படியே. படத்தை முடித்த உடனே ஸ்கேன் செய்து வைத்து, பிரதியை மாட்டுங்கள். மூலத்தை ஒரு ஃபைலுக்குள் இருட்டில் வையுங்கள். மழைக் காலத்தில் ஈரம் ஏறாமல் பொலித்தீன் உறை போட்டு மூடுங்கள், எழுதாத தாள்களையும் அப்படியே. ஈரம் குடித்த தாளில் மை ஓரம் தாண்டிப் பரவும்.

கேள்வி: தலவாக்கலையில் இருந்து எழுதுகிறேன். இணையத்தில் வாங்கிய 40 பேனாவில் ஐந்து எழுதவில்லை. விற்றவர், பெட்டியைத் திறந்தால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார். விட்டுவிடுவதா?

பதில்: விட வேண்டாம். ஆனால் முதலில் அந்த ஐந்தையும் ஒரு நாள் படுக்கையாக வையுங்கள். நிமிர்த்தி அடுக்கிய பெட்டியில் மை ஒரு பக்கம் இறங்கி, மறு முனை காய்ந்ததுபோல் இருக்கும், படுக்க வைத்தால் பல பேனா திரும்பிவிடும். எப்போதும் படுக்கையாகவே வைக்க வேண்டியதும் இதனால்தான். ஃபார்மசி ஸ்பிரிட்டை முனையில் விட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. இப்போது அதைச் செய்யாதீர்கள். அதில் தண்ணீரும் இருக்கிறது, நிறம் வெளிறும், அதோடு நீங்கள்தான் பழுதாக்கினீர்கள் என்று சொல்ல அவருக்கு ஒரு சாக்கும் கிடைக்கும்.

அப்படியும் எழுதாவிட்டால், ஐந்து பேனாவாலும் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட முயல்வதை வீடியோ எடுங்கள். விற்பனைப் பக்கத்தின் படம், காசு கட்டிய சான்று, அவர் மறுத்து எழுதிய செய்தி எல்லாவற்றையும் சேமியுங்கள். நீங்கள் வாங்கிய தளத்திலேயே திருப்பிக் கொடுக்கும் வழி இருந்தால் அதற்கான நாள் முடியும் முன்னே அங்கே பதியுங்கள். அது சரிவராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கால எல்லையை மறந்துவிடாதீர்கள்.

அடுத்த முறை முடிந்தால் கடையிலேயே வாங்குங்கள். திறந்த மாதிரிப் பெட்டி உண்டா என்று கேட்டு, கையோடு ஒரு துண்டு அட்டை கொண்டு போய் இரண்டு முனையிலும் கோடு போட்டுப் பாருங்கள். மூடும்போது டக் என்று சத்தம் வர வேண்டும், வராத மூடிக்குள் மை காய்ந்துவிடும். பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.