பதினொரு வயதில் முழு வயலின் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஐந்து வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்கிறாள். ஒருமுறை கேட்டால் அப்படியே வாசித்துவிடுவாள். ஒன்பது வயதில் மேடை ஏறி, இதுவரை 14 தனிக் கச்சேரிகள் செய்திருக்கிறாள். நோட்டீஸில் ‘குழந்தை மேதை’ என்றே போடுகிறார்கள். நாதம் கணீரென்று கேட்கட்டுமே என்று எட்டு மாதத்துக்கு முன் முழு அளவு வயலின் வாங்கிக் கொடுத்தோம். சில மாதங்களாகச் சுருதி பிசகுகிறது. இடது மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். அதட்டினால் அழுகிறாள். பள்ளியை நிறுத்திவிட்டு முழு நேரமும் சாதகம் செய்ய வைத்தால்தான் பெரிய வித்வானாக வருவாள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவளுடைய திறமை குறைந்துகொண்டே வருகிறதா?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

திறமையைப் பற்றிய கவலையைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஒரு டேப்பை எடுங்கள். மகளின் இடது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நேராக நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கையின் நடுவரை அளந்து பாருங்கள். 58 முதல் 60 செ.மீ. இருந்தால் முழு அளவு வயலின் பொருந்தும். 55, 56 என்றால் முக்கால் வயலின்தான். பதினொரு வயதுப் பிள்ளைகளில் பலர் இந்த இரண்டாவது கணக்கில்தான் வருவார்கள்.

முழு வயலினின் உடல் சுமார் 35.5 செ.மீ., முக்கால் வயலினுடையது சுமார் 33.5. இரண்டு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் தந்தியும் அதே விகிதத்தில் நீள்வதால் ஒவ்வொரு ஸ்வரத்தின் இடமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகிறது. ஆறு வருடமாக விரல் மனப்பாடம் செய்துவைத்த இடத்தில் இப்போது ஸ்வரம் இல்லை. காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு இழுத்தால் மயிரிழை முன்னாலேயே விரல் நின்றுவிடும். எட்டாததை எட்டப் பார்க்கும்போது சுண்டுவிரல் விறைக்கும், கட்டைவிரல் வயலின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும், மணிக்கட்டு உள்ளே மடங்கும். மடங்கிய மணிக்கட்டோடு கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) வராது, வலிதான் வரும். இத்தனையும் நடக்கும்போது அதட்டினால் எந்தக் குழந்தையும் அழும்.

அளந்ததில் முக்கால்தான் என்று வந்தால் அதற்கே திரும்புங்கள். இரண்டு மாதத்துக்குக் கச்சேரி வேண்டாம், முதல் மூன்று வாரம் கீர்த்தனையும் வேண்டாம். தம்புரா சுருதியோடு வெறுந்தந்தியில் நீள வில் போடட்டும். ஒரு வில்லுக்கு எட்டு விநாடி. அதன்பின் மாயாமாளவகௌளை ராகத்தில் ஸரளி வரிசை, மூன்று காலத்திலும் (வேகத்திலும்). பிறகு ஒரே தந்தியில் ஸட்ஜம் முதல் மேல் ஸட்ஜம் வரை ஏறி இறங்கட்டும். மேடை கண்ட பிள்ளைக்கு இது அவமானமாகத் தோன்றும். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள், பொறுத்துக்கொள்வாள். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசிக்க விடாதீர்கள். 25 நிமிடம் வாசித்தால் ஐந்து நிமிடம் கையை உதறிவிட்டு எழுந்து நடக்கட்டும். ஒரு நாளைக்கு இப்படி நான்கைந்து சுற்று போதும். வலி தொடங்கினால் வில்லைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் வலி போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ காட்டுங்கள். ‘வாசிக்க வாசிக்கச் சரியாகும்’ என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். தரையில் உட்கார்ந்து வாசிக்கும் நம் முறையில் வயலினின் சுருள் தலை வலது கணுக்கால் மேல் நிற்கிறது. வளரும் வயதில் கால் நீள நீள, வயலின் சாயும் கோணம் மாறிவிடும். வில் தானாகக் குதிரையை (தந்திகளைத் தாங்கும் சிறு பலகையை) விட்டு விலகி, விரல் பலகைப் பக்கம் நழுவும், நாதம் மெலியும். வலது பக்கம் ஒரு கண்ணாடியை வைத்து, வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்று வாரம் ஒருமுறை அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

வயலின் அளவு சரியானாலும் 13 வயதிலிருந்து 17 வயதுக்குள் இன்னொரு தடங்கல் வரலாம். குழந்தை மேதைகள் காதால் வாசிப்பவர்கள். எப்படி வாசிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. இதற்கு அமெரிக்காவில் பிறந்த வயலின் மேதை யெஹுதி மெனுஹினை விடத் தெளிவான உதாரணம் இல்லை. 1916-இல் பிறந்தவர், ஏழு வயதில் சான் பிரான்சிஸ்கோவின் சிம்பனி குழுவோடு வாசித்தார். 1929-இல், 12 வயதில், பெர்லினில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் மூவரின் கான்செர்ட்டோக்களையும் (குழுவோடு வாசிக்கும் பெரிய படைப்புகள்) ஒரே மாலையில் வாசித்தார். அப்படிப்பட்ட பிள்ளையிடம் பெல்ஜிய வயலின் மேதை ஈசாய், ஏ மேஜர் ஆர்பெஜியோவை நான்கு ஸ்தாயியில் வாசி என்றபோது மெனுஹின் தடுமாறினார். நம் கணக்கில் அது அலங்காரம் வாசிக்கச் சொன்னது போலத்தான். அந்த ஓட்டை இருபது வயதுகளில் பெரிதானது. உலகப் போரின்போது படைவீரர்களுக்காக ஐந்நூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகள் வாசித்த களைப்பும் சேர்ந்துகொள்ள, வில் நடுங்கத் தொடங்கியது. வில்லை எப்படிப் பிடிக்கிறோம், தோள் எங்கே இறுகுகிறது என்று நடுவயதில் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. 1952-இல் பம்பாயில் யோக ஆசான் பி.கே.எஸ். ஐயங்காரைச் சந்தித்து யோகம் பழகியதும் அந்தத் தேடலில்தான்.

ஆகவே குருவிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் ஒரு பாடமாவது, வாசித்ததை வாயால் விளக்க வைக்க வேண்டும். இந்தப் பிடி (ராகத்தின் சிறு ஸ்வரக் கோவை) எந்த விரலில் தொடங்குகிறது, வில் எங்கே திரும்புகிறது, தோடி ராகத்தின் காந்தாரம் எந்த ஸ்வரத்திலிருந்து எதுவரை அசைகிறது? சொல்லத் தெரிந்த பிள்ளை இடறி விழுந்தாலும் தானே எழுந்துகொள்ளும்.

அடுத்து கச்சேரி. தனிக் கச்சேரியைக் குறையுங்கள். வயலினில் வளரும் பிள்ளைக்குப் பக்கவாத்தியமே பள்ளிக்கூடம். வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்தியக்காரராகத்தான் தொடங்கினார். எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் எட்டு வயதில் மேடை ஏறியவர். டி.என். கிருஷ்ணனும் சிறுவனாகவே மேடை கண்டவர். மூவருக்கும் அப்பாவே குரு, மூவரும் பல ஆண்டுகள் பெரிய பாடகர்களுக்கு வாசித்துத் தேறியவர்கள்.

இதில் கஷ்டம் என்ன தெரியுமா? நம் மேடையில் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. பாடகர் என்ன பாடப்போகிறார் என்பது அவர் வாய் திறக்கும்போதுதான் தெரியும். ஆலாபனையில் நிழல் போல, ஒரு மூச்சு தள்ளி, அவரை மறைக்காமல் தொடர வேண்டும். தன் முறை வந்தால் அவர் பாடியதைவிடச் சுருக்கமாக வாசித்து முடிக்க வேண்டும். (தனிக் கச்சேரி செய்தே பழகிய பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான், நிறுத்தத் தெரியாது.) கல்பனாஸ்வரத்தில் குறைப்பு (ஸ்வர அளவைப் படிப்படியாகச் சுருக்குவது) வந்தால் கணக்கை அந்த நொடியே பிடிக்க வேண்டும், கோர்வையை (முடிக்கும் கணக்கை) ஒருமுறை கேட்டுத் திருப்பித் தர வேண்டும். இதற்கு கீர்த்தனை, வர்ணம் என்று 150 உருப்படியாவது கையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. முதலில் அவள் வயதுப் பாடகிகளுக்கு வாசிக்கட்டும். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொன்னால், பெண் குரல் ஐந்து கட்டையை ஒட்டியும் ஆண் குரல் ஒன்று, ஒன்றரை கட்டையை ஒட்டியும் இருக்கும். ஒரே வயலினை இரண்டுக்கும் ஏற்றி இறக்கினால் தந்தி அறும், பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி) நழுவும், குதிரை சாயும். ஆண் குரலுக்கு வாசிக்கும் காலம் வந்ததும் இரண்டாவது வயலின் வாங்கலாம்.

பள்ளியை நிறுத்த வேண்டாம். மெனுஹின் பள்ளி சென்றது ஒரே ஒரு நாள் என்பார்கள். அவரே 1963-இல் இங்கிலாந்தில் இசைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் மற்ற பாடங்களும் உண்டு. எல். சுப்ரமணியம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பின்னால் நேரம் போதவில்லை என்றால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும். இப்போது அவசரப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. மத்திய அரசின் பண்பாட்டு வள, பயிற்சி மையமான சி.சி.ஆர்.டி. தரும் கலை உதவித்தொகைக்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

சன்மானம் வருகிறதா? 14 வயதுக்கு உட்பட்ட கலைஞர்களுக்குச் சட்டத்தில் விதி உண்டு: நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வருமானத்தில் 20 சதவீதமாவது தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் வைப்பு நிதியாகப் போக வேண்டும். முடிந்தால் முழுவதையும் போடுங்கள். பெரியவளானபின் வருமானம் மேடையிலிருந்து மட்டும் வராது. வானொலித் தேர்வில் பி, பி உயர்நிலை, ஏ என்று படிப்படியாக ஏற வேண்டும். கற்பித்தலும் பெரிய பங்கு, டி.என். கிருஷ்ணனே சென்னை இசைக் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். அதற்கும் பட்டம் வேண்டும்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஒத்துக்கொண்ட கச்சேரிகள் இருந்தால் இன்றே போன் செய்து தள்ளிவையுங்கள். ‘வயலின் மாற்றியிருக்கிறோம்’ என்றால் சபாக்காரர்களுக்குப் புரியும். அடுத்த நோட்டீஸில் பெயரும் குருவின் பெயரும் மட்டும் இருக்கட்டும். அந்த முழு வயலினை விற்றுவிடாதீர்கள், இரண்டொரு வருடத்தில் தேவைப்படும். பெட்டியில் வைக்கும்போது தந்திகளை ஒரு கட்டை அளவு இறக்கினால் போதும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தினால் குதிரை விழும், அதோடு உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சியும் சாய்ந்துவிடும். அதை நிமிர்த்த வயலின் ரிப்பேர்காரரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.