பழைய லொறிக்கு வயர் மாற்றும்போது ரிலே எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்: கேள்வி பதில்

திருகோணமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய லொறிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பவர்கள், வயர் மாற்றும் வேலையில் ரிலே பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் மின்காந்தச் சுவிட்ச். வாகன மின்வேலையில் பல ஆண்டுகள் கைபட்டுத் தெரிந்துகொண்டவையே இவை.

கேள்வி (உப்புவெளி): என்னிடம் 12 வோல்ட் பெட்போர்ட் ஜே வகை லொறி ஒன்று இருக்கிறது. வயர் முழுவதையும் மாற்றப் போகிறேன். எல்லாவற்றுக்கும் ரிலே போடு என்கிறார் ஒரு மெக்கானிக் பாஸ். பழைய லொறிக்கு ரிலேயே தேவையில்லை என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: மீற்றரை வைத்து அளந்து பார்க்காமல் இதில் யாரும் முடிவு சொல்ல முடியாது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைத் தூர ஒளியில் எரியவிடுங்கள். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நேர்முனையிலும் மற்றதைப் பல்பின் பின்பக்க இணைப்பிலும் வையுங்கள். அதில் காட்டும் வோல்ட்டுதான் வழியில் நீங்கள் இழப்பது. அது அரை வோல்ட்டைத் தாண்டினால் அங்கே வேலை இருக்கிறது என்று பொருள். ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் இழந்துகொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடிய லொறிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த இழப்பு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இழை பல்பின் ஒளி, வோல்ட்டு குறையும் அளவைவிட மிக வேகமாகக் குறையும். பல்புக்குப் போகும் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளியில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விடும். 60 வாட் பல்புகள் இரண்டும் எரியும்போது 10 அம்பியர் ஓடுகிறது. 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில், ஆறு மீற்றர் தூரத்துக்கே ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். அதற்கு மேல் டாஷ்போர்ட் சுவிட்சிலும், தூர ஒளியையும் கிட்ட ஒளியையும் மாற்றக் காலால் மிதிக்கும் டிப் சுவிட்சிலும், துருவேறிய ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது.

ரிலேயின் சுருள் 12 வோல்ட்டில் 0.15 முதல் 0.2 அம்பியர் வரைதான் இழுக்கும் என்பதால், பழைய சுவிட்ச் அந்தச் சிறு சுமையை மட்டும் தாங்க, விளக்குக்குரிய 10 அம்பியரும் தடித்த வயர் வழியாகக் குறுகிய தூரத்தில் நேரே விளக்குக்குப் போய்விடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுமைக்கும் நான் மூன்று விடயங்களைப் பார்ப்பேன்: எட்டு அம்பியருக்கு மேல் இழுக்கிறதா, அந்த மின்னோட்டம் கெபினுக்குள் போய்ச் சுற்றித் திரும்புகிறதா, அதன் சுவிட்ச் கெட்டால் இன்று வேறு கிடைக்குமா. முதல் இரண்டும் பொருந்தினால் ரிலே போடுவேன். மூன்றாவது மட்டும் பொருந்தினாலும், அந்தச் சுவிட்சைக் காப்பாற்றுவதற்காகப் போடுவேன்.

கேள்வி (கிண்ணியா): ஹெட்லைட்டுக்கு ஒரு ரிலே போதுமா, இரண்டு வேண்டுமா?

பதில்: இரண்டு வேண்டும், தூர ஒளிக்கு ஒன்று, கிட்ட ஒளிக்கு ஒன்று. ஒரே ரிலேயை டிப் சுவிட்சுக்கு முன்னால் போட்டால், டிப் சுவிட்ச் முழு மின்னோட்டத்தையும் முன்போலவே சுமக்கும். மிக எளிதில் கருகுவதும் அதுதான்.

இரண்டாவது காரணத்தை நான் அனுபவித்து அறிந்தேன். முதன்முதலில் வயர் மாற்றிய லொறிக்கு ஒரே ரிலேதான் போட்டிருந்தேன். கந்தளாயில் நெல் ஏற்றிக்கொண்டு இரவில் திரும்பும்போது, யானை கடக்கும் காட்டுப் பகுதியில், இரண்டு ஒளியும் ஒரே நொடியில் அணைந்தன. டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தபோது, ரிலேக்குள் மின் வரும் 30ஆம் இலக்கக் காலைப் பிடித்திருந்த சொக்கெட் தளர்ந்து சூடேறி, சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாக வழிந்திருந்தது. ஹோன் ரிலே அதே வகையாக இருந்ததால், அதையும் அதன் சொக்கெட்டையும் கழற்றி மாற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். அன்றிலிருந்து எல்லா இடத்துக்கும் ஒரே வகை ரிலேயைத்தான் போடுகிறேன். இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி பியூசும் போடுங்கள். ஒரு பக்கம் குறுக்கிணைப்பு (ஷார்ட்) ஏற்பட்டாலும் மறுபக்கம் எரியும். பற்றரியிலிருந்து ரிலேக்கு வரும் பிரதான வயருக்கும், பற்றரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பியூஸ் இருக்க வேண்டும். லொறி தீப்பற்றாமல் காப்பது அந்தப் பியூஸ்தான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேள்வி (தம்பலகாமம்): சைட் லைட், சிக்னல், வைப்பர் ஆகியவற்றுக்கும் ரிலே போடலாமா?

பதில்: வேண்டாம். 5 வாட் பல்புகள் நான்கு சேர்ந்தாலும் 2 அம்பியர் வராது. சிக்னலுக்கு, அதை விட்டுவிட்டு எரியவைக்கும் பிளாஷரே போதும். வைப்பரில் தானாகத் தன் இடத்துக்குத் திரும்பும் ஒழுங்கு மோட்டருக்குள்ளேயே இருப்பதால், நடுவே ரிலே புகுத்துவது சிக்கலைத்தான் கூட்டும். பிரேக் லைட்டின் இரண்டு 21 வாட் பல்புகள் மூன்றரை அம்பியர் இழுக்கும்; எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பழைய பிரேக் சுவிட்ச் அடிக்கடி கெடுகிறது என்றால் மட்டும் அங்கே ஒரு ரிலே போடலாம். தேவையில்லாத ஒவ்வொரு ரிலேயும், நடுவழியில் நிற்கும்போது நீங்கள் தேடிப் பார்க்க வேண்டிய இன்னும் நான்கு இணைப்புகள்.

கேள்வி (மூதூர்): ஹோன் சில வேளைகளில் முனகுகிறது, சில வேளைகளில் சத்தமே இல்லை. புதிய ஹோன் வாங்கியும் அப்படித்தான்.

பதில்: உங்கள் லொறியில் ஹோன் பொத்தான் எர்த்தை, அதாவது பற்றரியின் மறுமுனை பிடித்திருக்கும் லொறியின் இரும்புடலை, இணைக்கும் வகையாக இருந்தால், ஹோன் இழுக்கும் முழு மின்னோட்டமும் ஸ்டியரிங் தண்டின் வழியாக, தேய்ந்த ஒரு தொடுமுனையைக் கடந்து போக வேண்டியிருக்கும். ரிலே போட்டால் பலன் உடனே தெரியும் இடம் இது. ரிலேயின் கால்களில் 30, 87 தொடுமுனைக்குரியவை, 85, 86 சுருளுக்குரியவை. 30க்குப் பியூஸ் வழியாக நேர்மின், 87இலிருந்து ஹோனுக்கு, 86க்கு நேர்மின், 85இலிருந்து பழைய பொத்தான் வயர். ஹோனின் மறுமுனையை நல்ல எர்த்தில் பிடியுங்கள்.

கேள்வி (ஓர்ஸ்ஹில்): சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் "டிக்" என்று நிற்கிறது, இரண்டு மூன்று முறை திருப்பினால்தான் சுற்றுகிறது. பற்றரி புதிது.

பதில்: ஸ்டார்ட்டரின் மேல் சொலினொயிட் என்ற மின்காந்த உருளை இருக்கும் வகையில், பல்சக்கரத்தை முன்தள்ளும் அந்தக் கணத்தில் சொலினொயிட் மட்டுமே 30 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். அது தேய்ந்த சாவிச் சுவிட்ச் வழியாக வரும்போது வோல்ட்டு விழுந்துவிடுகிறது. முதலில் எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டியைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்கி மாட்டுங்கள். பாதி லொறிகளில் நோய் அங்கேயே தீர்ந்துவிடும். எர்த் கெட்டிருக்கும் இடத்தில் ரிலே போட்டும் பயன் இல்லை. அதன் பிறகும் தொடர்ந்தால், 40 அம்பியர் தாங்கும் ரிலே ஒன்றைச் சாவிக்கும் சொலினொயிட்டுக்கும் இடையில் போடுங்கள்.

கேள்வி (சீனக்குடா): என் லொறி 24 வோல்ட். கடையில் 12 வோல்ட் ரிலேதான் இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. இரட்டை வோல்ட்டில் சுருள் நான்கு மடங்கு சூடேறிக் கருகும். மேலும், ஒரே அளவு ரிலேயில் 12 வோல்ட்டுக்கு 40 அம்பியர் என்று எழுதியிருந்தால், 24 வோல்ட்டுக்குரியதில் பெரும்பாலும் 20 என்றே இருக்கும். வோல்ட்டு கூடும்போது தொடுமுனைகள் பிரிகையில் எழும் தீப்பொறி அணைவது கடினம். ஆனால் 24 வோல்ட்டில் அதே வாட்டுக்குப் பாதி மின்னோட்டமே ஓடுவதால், உங்களுக்கு ரிலே தேவைப்படும் இடங்களே குறைவு. 75 வாட் பல்புகள் இரண்டுக்கும் சேர்த்து ஆறேகால் அம்பியர்தான். நல்ல சுவிட்சும் புதிய வயரும் இருந்தால் அப்படியே விடலாம்.

கேள்வி (நிலாவெளி): மீன் ஏற்றும் லொறி. போட்ட ரிலேக்கள் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை.

பதில்: கடலோரத்தில் ஓடும், அதுவும் ஐஸ் தண்ணீரும் உப்பும் வடியும் லொறியில், சாதாரண ரிலேயை ரேடியேற்றர் அருகிலோ சேசியிலோ பொருத்தினால் அது தாங்காது. வாடைக் காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் வயரின் உறைக்குள்ளேயே ஏறிவிடுகிறது. இப்படியான ஒரு லொறியில் வயரின் நுனியை வெட்டிப் பார்த்தேன், பச்சைக் களிம்பு. ஒரு முழம் பின்னால் வெட்டினேன். செப்பிழைகள் கறுத்து, ஈயப்பற்றுப் பிடிக்கவே மறுத்தன. வயர் அப்படியிருக்கையில் ரிலேயைக் குறை சொல்வது நியாயமில்லை.

படகுகளுக்குப் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செப்பு வயரை வாங்குங்கள். விலை கூடியதுதான், ஆனால் மறுபடியும் கெபினைக் கழற்றும் கூலியை நினைத்தால் கூடியதல்ல. ரிலேக்களைக் கெபினின் உட்சுவரில், கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். வயர் ரிலேக்குக் கீழே ஒரு வளைவாக இறங்கி மேலேறி வந்து சேர வேண்டும். அப்போது வயர் வழியே வரும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், சொக்கெட்டுக்குள் போகாது. இணைப்புகளை நல்ல கருவியால் அழுத்திப் பிடித்து, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள்.

கேள்வி (கந்தளாய்): ஜப்பான் லொறியில் வழக்கமான ரிலே வயர்ப் படத்தில் உள்ளபடி ரிலே மாட்டினேன். ஹெட்லைட் எரியவே இல்லை.

பதில்: பல பழைய ஜப்பானிய வாகனங்களில் பல்பின் பொதுக் காலுக்கு நேர்மின் வருகிறது, டிப் சுவிட்ச் எர்த்தையே மாற்றிக் கொடுக்கிறது. அந்தப் பொதுக் காலுக்கு வந்த பழைய வயரை இரண்டு ரிலேயின் 86க்கும், தூர ஒளி வயரை ஒன்றின் 85க்கும், கிட்ட ஒளி வயரை மற்றதின் 85க்கும் கொடுங்கள். பல்பின் பொதுக் காலைப் புதிதாக எர்த்தில் பிடித்து, இரண்டு 87களையும் மற்ற இரண்டு கால்களுக்கும் கொண்டுபோங்கள்.

கேள்வி (நகரம்): எங்கள் லொறி நேர்முனை எர்த், பற்றரியின் நேர்முனைதான் சேசியில் பிடித்திருக்கிறது. அதற்கு வேறு ரிலேயா?

பதில்: சாதாரண ரிலேயின் சுருளுக்குத் திசை முக்கியமில்லை. உள்ளே டயோட் (மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலேயை மட்டும் தவிருங்கள். தலைகீழாக மின் கொடுத்தால் டயோட் குறுக்கிணைப்பாகிவிடும். பழைய லூக்காஸ் 6ஆர்ஏ ரிலே இன்னும் இயங்கினால் கழற்றி எறிய வேண்டாம். அதன் டபிள்யூ1, டபிள்யூ2 சுருளின் முனைகள். சி1, சி2 தொடுமுனைகள்.

கேள்வி (உப்புவெளி, மறுபடியும்): நீங்கள் சொன்னபடி ரிலே மாட்டினேன், வெளிச்சம் பிரமாதம். ஆனால் ஹெட்லைட் போட்டவுடன் அம்மீற்றர் 10 அம்பியர் சார்ஜ் காட்டுகிறது.

பதில்: ரிலேக்கான மின்னைப் பற்றரி முனையிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். எஞ்சின் ஓடும்போது விளக்குக்குப் போகும் 10 அம்பியரும் அம்மீற்றரைக் கடந்து பற்றரிப் பக்கம் வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகிறது. மீற்றர் அதைச் சார்ஜ் என்றே காட்டும். மின் எடுக்கும் இடத்தை அம்மீற்றரின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். அல்டர்நேற்றர் மாட்டியிருந்தால் அதன் வெளியீட்டு முனையே நல்ல இடம். விளக்குக்குக் கிட்டவும் இருக்கும். பியூசையும் அந்த முனைக்கு அருகிலேயே கொண்டுவர வேண்டும். இன்னும் பழைய லூக்காஸ் சி40 டைனமோதான் என்றால், அது தருவது 22 அம்பியர் அளவுதான் என்பதையும், எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதுகூட வராது என்பதையும் மனதில் வைத்து, இதற்கு மேல் பெரிய பல்பு போடாதீர்கள்.